வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்: தரைச் சண்டையின் மூட்டுப் பூட்டுகள்

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டை அமைப்பின் முதல் போட்டி நடந்தது. குத்துச்சண்டைக்காரர், சுமோ வீரர், கிக்பாக்ஸர் என்று ஆளுக்கொரு வித்தை தெரிந்தவர்களை எண்கோணக் கூண்டுக்குள் மோதவிட்டு, யார் மிஞ்சுகிறார் என்று பார்ப்பது ஏற்பாடு. ஒரே இரவில் மூன்று பேரை வென்று பட்டம் வாங்கியவர் ராய்ஸ் கிரேஸி. வந்திருந்தவர்களில் மெலிந்த உடம்புக்காரர் அவர். மூவரில் ஒருவரைக்கூட அவர் குத்தி வீழ்த்தவில்லை. கட்டிப்பிடித்தார், சாய்த்தார், கொஞ்ச நேரம் இருவரும் தரையில் புரண்டார்கள், எதிராளி தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

அன்று அவருடைய முதல் எதிராளி ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர். ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கிரேஸி அவரைச் சாய்த்து, மேலே ஏறி, நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டார். கையை முறுக்கவில்லை, கழுத்தை நெரிக்கவும் இல்லை. ஜிம்மர்சன் திமிறிப் பார்த்தார், முடியவில்லை, தட்டிவிட்டார். இதை வைத்து அவரை இன்றும் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு முடிவெடுத்தார் என்றுதான் தோன்றுகிறது. மேலே இருப்பவரை அசைக்கவே முடியவில்லை என்றால், கையைப் பறிகொடுப்பதா கழுத்தைப் பறிகொடுப்பதா என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம்.

மூட்டுப் பூட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாச் சண்டை. ஓடி வருபவனின் மணிக்கட்டை நாயகன் பிடித்து ஒரு திருகு திருகுவான், அவன் அலறிக்கொண்டு விழுவான். உண்மையில், எதிர்க்கிற ஆளிடம் இது சுலபத்தில் நடக்காது. கையைப் பிடித்து இழுத்தால் அவர் உடம்பையே கையோடு சேர்த்து நகர்த்திவிடுவார், அல்லது கையை உருவிக்கொள்வார். அவர் நகராமல் இருந்தால்தான் பூட்டு வேலை செய்யும். தரைச் சண்டை இவ்வளவு முக்கியமானதற்குக் காரணமே இதுதான். நிற்கிறவருக்குப் பின்வாங்க நான்கு திசையும் இருக்கிறது. தரையில் கிடப்பவருக்கு முதுகுக்குக் கீழே தரை இருக்கிறது, அந்தப் பக்கம் போக வழியே இல்லை.

அதனால், கிரேஸி பயின்ற தரைச் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவின் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது பூட்டை அல்ல, நிலைகளைத்தான். எதிராளியின் நெஞ்சின் மேல் இருபுறமும் கால் போட்டு அமர்வது மவுண்ட். அவருக்குக் குறுக்காக நெஞ்சை நெஞ்சின் மேல் அழுத்திப் படுப்பது சைடு கண்ட்ரோல். பின்னாலிருந்து அணைத்து, இரண்டு கால்களையும் அவர் தொடைகளுக்குள் கொக்கி போல மாட்டுவது பேக் கண்ட்ரோல். அப்புறம் கார்டு. இது நம் ஊர் குஸ்தி பார்த்துப் பழகியவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இங்கே மல்லாந்து கிடப்பவர், மேலே இருப்பவரைத் தன் கால்களுக்கு நடுவே வைத்திருக்கிறவரை, தோற்றவர் இல்லை. கால்கள் இரண்டும் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதால் கீழே இருந்தே கையைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கலாம். கார்டு என்பது இந்த நிலைதான்.

சரி, பூட்டுக்கு வருவோம். ஒவ்வொரு மூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. முழங்கை மடங்கும், நிமிரும், நேராக நிமிர்ந்த பிறகு அதற்கு மேல் போகாது. தோள் எல்லாப் பக்கமும் சுழலும், ஆனாலும் ஒரு கட்டத்தில் நிற்கும். அந்த எல்லைக்குக் கொண்டுபோய், அதைத் தாண்டித் தள்ளினால் உடையும் என்று இருவருக்கும் தெரிகிற இடத்தில் நிறுத்துவதுதான் மூட்டுப் பூட்டு. இதற்கு மூட்டின் ஒரு பக்கம் அசையாமல் இருக்க வேண்டும். மறு பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும். நீளமான எலும்பை நெம்புகோலாகப் பயன்படுத்த ஒரு தாங்குபுள்ளியும் வேண்டும். எத்தனையோ பெயர்களில் பூட்டுகள் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் மாறுதல்கள்தான்.

முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பாரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகிவிடும். ஜூடோவில் இதன் பெயர் ஜூஜி கட்டமே. எதிராளி மல்லாந்து கிடக்கிறார். நீங்கள் அவருக்குக் குறுக்காக, உங்கள் பின்புறம் அவர் தோளை ஒட்டியிருக்கும்படி படுக்கிறீர்கள். உங்கள் ஒரு கால் அவர் நெஞ்சின் மேல், இன்னொரு கால் அவர் முகத்தின் மேல். அவருடைய கை உங்கள் தொடைகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. மணிக்கட்டை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறீர்கள். இப்போது இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும். விறகுக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். குச்சிக்குப் பதில் கை, முழங்காலுக்குப் பதில் இடுப்பு.

படத்தில் பார்த்தால் எளிதாகத் தெரியும். செய்துபார்க்கும்போதுதான் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது புரியும். பின்புறம் தோளைவிட்டு விலகி இருந்தால் முழங்கை உங்கள் இடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். அவர் கையை மடக்கி உருவிக்கொண்டு எழுந்துவிடுவார். முட்டிகளை ஒன்றோடொன்று இறுக்காவிட்டால் அவர் தோளைத் திருப்புவார், கை சுழன்றுவிடும். கை சுழன்றால் முழங்கையின் முனை பக்கவாட்டில் போய்விடும், நீங்கள் எவ்வளவு தூக்கினாலும் அது இயல்பாக மடங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் அவருடைய கட்டை விரல் கூரையைப் பார்க்கிறதா என்று கவனிக்கச் சொல்வார்கள். சுண்டு விரல் பக்கம் உங்கள் நெஞ்சில் பட்டு, கட்டை விரல் மேலே பார்த்தால், முழங்கை முனை சரியாக உங்கள் இடுப்பை நோக்கி இருக்கிறது என்று பொருள்.

முகத்தின் மேல் கிடக்கிற காலைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் பலர் இதை அலங்காரம் என்று நினைத்து அலட்சியமாக வைப்பார்கள். பூட்டைவிட அந்தக் காலுக்குத்தான் வேலை அதிகம். அது தலையைத் தரையோடு வைத்திருக்கிறது. தலை எழுந்தால் உடம்பு எழும். உடம்பு எழுந்து உங்கள் மேல் கவிழ்ந்தால் ஆர்ம்பார் கலைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கையோடு மோதுவது உங்கள் இரண்டு கால்கள், இடுப்பு, முதுகு, இரண்டு கைகள் எல்லாம் சேர்ந்து. மெலிந்தவர் பருத்தவரை வெல்ல முடிகிறதென்றால் அதில் மாயம் ஏதும் இல்லை. மொத்த உடம்புக்கு மொத்த உடம்பு என்று கணக்குப் போட்டால் பெரியவர் ஜெயிப்பார். அவருடைய ஒரே ஒரு கையைத் தனியே பிரித்து, அதன் மேல் உங்கள் மொத்த உடம்பையும் போட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஆனால் பலம் பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலமுள்ளவரும் இதே வித்தையைக் கற்றிருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

பெண்கள் பிரிவில் ஆர்ம்பாரையே தன் அடையாளமாக்கிக்கொண்டவர் ரோண்டா ரௌசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வாங்கியவர். 2015 பிப்ரவரியில் கேட் ஸிங்கானோவை 14 வினாடிகளில் இதே பூட்டால் வென்றார். அந்த வேகத்தைப் பார்த்து அதுதான் ஆர்ம்பார் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு வயதிலிருந்து ஜூடோ செய்தவரின் வேகம் அது. கற்றுக்கொள்ளும்போது இடுப்பை மெதுவாகத் தூக்குவதுதான் முறை.

தாங்குபுள்ளி எங்கே விழுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சண்டை சாட்சி. 2004 ஜூன் மாதம் நடந்த யுஎஃப்சி 48-இல் ஃபிராங்க் மிர், டிம் சில்வியாவுக்கு ஆர்ம்பார் போட்டார். சண்டை தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழுத்தம் முழங்கையில் விழாமல் முன்கையில் விழுந்தது. மூட்டு தாங்கியது, எலும்பு முறிந்தது. நடுவர் ஹெர்ப் டீன் அதைக் கண்டு உடனே சண்டையை நிறுத்தினார். சில்வியா ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று வாதாடினார். அரங்கத்தினர் நடுவரைத் திட்டினார்கள். மெதுவாக ஓட்டிய மறுஒளிபரப்பில் கை வளைவதைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் அடங்கினார்கள். பரபரப்பில் இருக்கிற உடம்பு எலும்பு முறிவைக்கூட உடனே சொல்லாமல் இருக்கலாம். வலியை அளவுகோலாக வைத்து எப்போது தட்டுவது என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முழங்கைக்கு அடுத்து தோள். இங்கே நிமிர்த்துவதற்குப் பதிலாகச் சுழற்றுகிறோம். எதிராளியின் கை முழங்கையில் மடங்கி ‘ட’ வடிவில் இருக்கிறது. அவர் மணிக்கட்டை உங்கள் ஒரு கை பிடிக்கிறது. உங்கள் மறு கை அவருடைய மேல்கையைச் சுற்றி வந்து உங்கள் சொந்த மணிக்கட்டையே பிடிக்கிறது. இப்போது இரண்டு கைகளும் ஒரே சட்டமாகிவிட்டன, உங்கள் உடம்பு திரும்பினால் அந்தச் சட்டமும் திரும்பும். அவருடைய உள்ளங்கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனால் அது கிமுரா. கை தலைப் பக்கமாக மடங்கியிருக்க, அதைத் தரையில் அழுத்தி எதிர்த் திசையில் சுழற்றினால் அமெரிக்கானா. மடங்கிய முன்கைதான் இங்கே நெம்புகோல். தோள் தன் எல்லையை அடைந்த பிறகும் தள்ளினால் தோளின் ஜவ்வுகள் கிழியலாம், மேல்கை எலும்பே முறுக்கிக்கொண்டு முறியலாம். 2011 டிசம்பரில் டொரான்டோவில் நடந்த போட்டியில், அதே ஃபிராங்க் மிர் போட்ட கிமுராவில் பிரேசிலின் அன்டோனியோ ரோட்ரிகோ நோகேராவுக்கு இந்த எலும்புதான் முறிந்தது. நோகேரா சாதாரண ஆள் இல்லை, ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை வாங்கியவர்.

கிமுரா என்ற பெயர் ஓர் ஆளின் பெயர். மசாஹிகோ கிமுரா ஜப்பானின் மிகப் பெரிய ஜூடோ வீரர்களில் ஒருவர். 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேஸியோடு மோதினார். ஹீலியோ, டென்வரில் வென்ற ராய்ஸின் அப்பா. கிமுரா அவரைத் திரும்பத் திரும்ப வீசிப்போட்டு, கடைசியில் இந்தப் பூட்டில் சிக்கவைத்தார். ஹீலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்தது. அப்போதும் தட்டவில்லை. அவர் தரப்பிலிருந்து துண்டை வீசித்தான் சண்டையை முடித்தார்கள். ஜூடோவில் உடே-கராமி என்று வழங்கிய பூட்டுக்குப் பிரேசில்காரர்கள் தங்களைத் தோற்கடித்தவரின் பெயரையே வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த கேட்ச் மல்யுத்தக்காரர்களிடமும் இதே பூட்டு வேறு பெயரில் இருந்தது. மனித உடம்பு எங்கும் ஒன்றுதான், யார் தேடினாலும் இதே மூலைகளுக்குத்தான் வந்து சேர்வார்கள்.

கால்களுக்கு வருவோம். கபடியில் கணுக்காலைப் பிடிப்பது ஓடுபவரை நிறுத்த. இங்கே பிடிப்பது மூட்டை எல்லைக்குக் கொண்டுபோக. கணுக்கால் பூட்டில் எதிராளியின் பாதம் உங்கள் அக்குளில் அடங்கும். உங்கள் முன்கையின் எலும்பு விளிம்பு அவர் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணில் அழுந்தும். முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்தால் பாதம் நீண்டு எல்லையை எட்டும். முழங்கால் பூட்டு அப்படியே ஆர்ம்பாரின் கதை, கைக்குப் பதில் கால். இரண்டுமே வலி மூலம் எச்சரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் சேதம் செய்யும்.

ஹீல் ஹுக் வேறு சாதி. எதிராளியின் குதிகாலை உங்கள் முழங்கை மடிப்பில் மாட்டித் திருப்புகிறீர்கள். பாதம் வெறும் கைப்பிடி, திருகல் போய்ச் சேருவது முழங்காலுக்கு. முழங்கால் மடங்கவும் நிமிரவும் அமைந்தது, சுழல்வதற்கு அதில் மிகக் கொஞ்சமே இடம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் தீர்ந்ததும் நேரடியாக முட்டி ஜவ்வுகள்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். வலி பெரிதாகத் தெரிவதற்குள்ளேயே ஜவ்வு போய்விடலாம் என்பதுதான் இதன் ஆபத்து. இன்னொரு ஆபத்து, மாட்டிக்கொண்டவர் பதறித் தவறான பக்கம் உருள்வது. உருண்டால் தன் காலைத் தானே முறுக்கிக்கொள்கிறார். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு என்று இழுத்துவிடும் காயம் அது. ஆரம்பத்தில் இதைக் கற்றுத் தராத பயிற்சியாளர் ரகசியத்தை மறைக்கவில்லை, உங்கள் முட்டியைக் காப்பாற்றுகிறார்.

விதிகளிலும் இந்தப் பயம் தெரியும். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளில், தொடக்க நிலையான வெள்ளைப் பட்டைப் பெரியவர்களுக்குக் காலில் அனுமதி நேரான கணுக்கால் பூட்டுக்கு மட்டும். மணிக்கட்டுப் பூட்டு நீலப் பட்டையிலிருந்து. முழங்கால் பூட்டும் பாதத்தைத் திருகும் டோ ஹோல்டும் பழுப்பு, கறுப்புப் பட்டைக்காரர்களுக்கு. ஹீல் ஹுக் 2021-இல்தான் உள்ளே வந்தது, அதுவும் கி என்ற தடித்த பயிற்சி உடை அணியாத பிரிவில், பழுப்பு, கறுப்புப் பட்டைப் பெரியவர்களுக்கு மட்டும். ஜூடோ இன்னும் கறார், முழங்கையைத் தவிர வேறு எந்த மூட்டையும் பூட்டக்கூடாது. ரஷ்யாவின் மல்யுத்த வகையான விளையாட்டு சாம்போவில் கால் பூட்டு உண்டு, கழுத்து நெரிப்பு கிடையாது. விரல்களைப் பிடித்து ஒடிப்பதற்கு யுஎஃப்சி போன்ற கலப்புச் சண்டைகளில்கூட (எம்எம்ஏ) இடமில்லை.

கழுத்து நெரிப்பு மூட்டுப் பூட்டு இல்லை. ஆனாலும் தரைச் சண்டையில் பல வெற்றிகள் அந்தப் பக்கம் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல நெரிப்பு மூச்சுக்குழாயை நசுக்குவதில்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அழுத்துகிறது. பின்னாலிருந்து போடும் ரியர் நேக்கட் சோக்கில் மேல்கை ஒரு பக்கம், முன்கை மறுபக்கம். கால்களால் போடும் முக்கோண நெரிப்பில் ஒரு பக்கத்தை உங்கள் தொடை அழுத்தும், மறுபக்கத்தை எதிராளியின் சொந்தத் தோளே அழுத்தும். சரியாக விழுந்தால் சுமார் பத்து வினாடிகளில் நினைவு தப்பும். பெரிய வலி இருக்காது, அதனால் இன்னும் தாங்கலாம் என்றே தோன்றும். வீட்டில் நண்பர்களோடு விளையாட்டாகச் செய்து பார்க்கிற காரியமில்லை இது.

இப்படி எலும்பை முறிக்கக்கூடிய ஒன்றை நாள்தோறும் முழு வேகத்தில் எப்படிப் பயில்கிறார்கள்? தட்டுவதால்தான். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கி ஜூடோவை வடிவமைத்தபோது, எதிர்க்கிற ஆளோடு சுதந்திரமாக மோதிப் பழகுவதைப் பயிற்சியின் நடுவில் வைத்தார். பாதுகாப்பாகப் பழக முடியாத அடிகளையும் உத்திகளையும் கட்டா என்ற ஒத்திகை வடிவத்துக்கு ஒதுக்கினார். குத்தைப் பாதி வழியில் நிறுத்திப் பழகினால் அது பாதிக் குத்துதான். பூட்டை எல்லை வரை கொண்டுபோய் நிறுத்தலாம், மறுநாளும் அதே ஆளோடு மோதலாம். அங்கே பயின்ற மிட்சுயோ மாயேடா 1914-இல் பிரேசிலுக்குப் போனார், கிரேஸி குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். டென்வர் வரை வந்த வழி அதுதான்.

தட்டும்போது எதிராளியின் உடம்பில், அவருக்குத் தெரிகிற மாதிரி, குறைந்தது இரண்டு முறை தட்ட வேண்டும். தரையில் தட்டினால் சில சமயம் கேட்காது. கைகள் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வாயால் சத்தமாக ‘டேப்’ என்று சொல்லலாம். வலியில் கத்தினாலும் போட்டிகளில் அதைத் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். எப்போது தட்டுவது? ஆர்ம்பாரில் கை முழுதாக நிமிர்ந்துவிட்டது, உருவ வழியில்லை என்றால் அப்போதே. ஹீல் ஹுக்கில் குதிகால் பிடிபட்டு முட்டியும் அவர் தொடைகளுக்குள் சிக்கிவிட்டால் அப்போதே, திருகத் தொடங்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பழைய தோள் காயம், முட்டி வலி இருந்தால் மோதுவதற்கு முன்பே கூட்டாளியிடம் சொல்லிவிடுங்கள்.

பூட்டுப் போடுகிறவருக்கும் கடமை உண்டு. எல்லைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, எதிராளிக்குத் தட்ட நேரம் கொடுக்க வேண்டும். தட்டு விழுந்த அந்தக் கணமே விட வேண்டும். 2013 அக்டோபரில் ரூசிமார் பால்ஹாரஸ் என்ற பிரேசில் வீரர் யுஎஃப்சியில் மைக் பியர்ஸை ஹீல் ஹுக்கால் ஒரு நிமிடத்துக்குள் வென்றார். எதிராளி தட்டிய பிறகும் பிடியை விடாமல் இருந்ததால், வென்ற கையோடு அந்த அமைப்பு அவரை வெளியே அனுப்பிவிட்டது. பயிற்சிக் கூடங்களில் இதற்கு நீக்கல் கடிதமெல்லாம் தேவைப்படாது. இரண்டு முறை இப்படிச் செய்தவரோடு மூன்றாவது முறை பயிற்சி விரிப்பில் உருள யாரும் வரமாட்டார்கள், தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் நாள் வகுப்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யார் எவ்வளவு வேகமாகப் பூட்டுகிறார் என்று பார்க்காதீர்கள், தட்டியதும் எவ்வளவு வேகமாக விடுகிறார் என்று பாருங்கள். பயிற்சியாளர் அதைக் கண்டிப்போடு கேட்கிற இடமாக இருந்தால் சேர்ந்துகொள்ளலாம்.